ஆடாமல் அசையாமல்: பெற்றோருக்கு ஒரு கையேடு

பிள்ளைகளை ஓடியாட வைப்பது எப்படி என்று சொல்லித்தர ஊர் முழுக்க ஆள் இருக்கிறார்கள். குழந்தை டாக்டர் சொல்கிறார், பள்ளி டைரியின் பின்னட்டை சொல்கிறது, ஞாயிற்றுக்கிழமை இணைப்பிதழ் படம் போட்டுச் சொல்கிறது. பிள்ளைகளை உட்கார வைப்பது எப்படி என்று மட்டும் யாரும் எழுதக் காணோம். வீடுகளில் நாள் முழுக்கக் கேட்கிற வேண்டுதலோ அது ஒன்றுதான். எந்த வீட்டு வாசலிலாவது அரை மணி நேரம் நின்று காதைக் கொடுத்துப் பாருங்கள். "ஓடாதே, விழுந்துடுவே." "குதிக்காதே, கீழ் வீட்டு ஆன்ட்டி மேல வந்துடுவாங்க." "சோபா என்ன, ஏறி மிதிக்கவா வாங்கிப் போட்டிருக்கு?" "செத்த நேரம் ஒரு இடத்துல உக்காருடா, உனக்குப் புண்ணியமாப் போவும்." இப்படிக் கெஞ்சுகிறவர்களுக்கு வழிகாட்ட ஒரு கையேடுகூட இல்லை என்றால் எப்படி?

அதை எழுதும் தகுதி எனக்கு உண்டு. சென்னைப் புறநகரில் நூற்றுச் சொச்சம் வீடுகள் கொண்ட ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் சங்கச் செயலாளர் நான். பொறுப்புக்கு வந்த புதிதில் சாயங்காலம் ஐந்து மணி ஆனால் கீழே ஒரே கூச்சல். இப்போது அதே ஐந்து மணிக்கு லிஃப்ட் கதவு மூடுகிற சத்தம் நாலாவது மாடி வரை கேட்கிறது.

வேலை சுலபமில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குழந்தை பிறவியிலேயே ஓடுகிற ஜாதி. நடக்கத் தெரிந்த மறுநாளே ஓடப் பார்க்கும். கல்யாண மண்டபத்தில் நாற்காலிகளை ஒதுக்கிக் கொஞ்சம் காலியிடம் விட்டால் போதும், முன்பின் தெரியாத ஏழெட்டுப் பிள்ளைகள் சேர்ந்து இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குக் காரணமே இல்லாமல் ஓடும். கோடியைத் தொட்டதும் திரும்பி ஓடும். யார் ஊக்குவித்தது? யாருமில்லை. ஊக்கம் முழுக்க உட்கார வைப்பதற்குத்தான் தேவைப்படுகிறது. இந்த அடிப்படை புரியாமல்தான் உலக சுகாதார நிறுவனம் 2019-இல் ஓர் அறிக்கை விட்டது. ஒன்றிலிருந்து நான்கு வயது வரை நாளுக்கு 180 நிமிடம் ஏதாவது ஒரு விதத்தில் உடம்பு அசைய வேண்டுமாம். ஒரு வயதுக்குள் திரையே கூடாதாம். இரண்டிலிருந்து நான்கு வரை ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாமாம், குறைந்தால் இன்னும் நல்லதாம். தள்ளுவண்டியிலோ உயர நாற்காலியிலோ ஒரே மூச்சில் ஒரு மணி நேரத்துக்கு மேல் கட்டி உட்கார வைக்கக் கூடாது என்றும் ஒரு வரி. அடுத்த ஆண்டு, ஐந்திலிருந்து பதினேழு வயது வரை உள்ளவர்கள் சராசரியாக நாளுக்கு 60 நிமிடம் மூச்சு வாங்க ஆட வேண்டும் என்று இன்னொன்று.

படித்துவிட்டுப் பயப்பட வேண்டாம். அதே நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 146 நாடுகளிலிருந்து திரட்டிய 2016-ஆம் ஆண்டுக் கணக்குப்படி, பதினொன்றிலிருந்து பதினேழு வயது வரையுள்ள பிள்ளைகளில் 81 சதவீதம் பேர் அந்த ஒரு மணி நேரத்தை எட்டுவதில்லை. நூற்றுக்கு எண்பத்தொன்று! நம் ஊர்ப் பரீட்சைக் கணக்கில் அது முதல் வகுப்பு.

சாப்பாட்டில் ஆரம்பியுங்கள்

அசையாமைக்கு அஸ்திவாரம் போடுவது சாப்பாட்டு நேரத்தில். தேவையான பொருள்கள்: ஒரு கைபேசி, ஓர் எவர்சில்வர் டம்ளர், ஊறிப்போன இட்லி. டம்ளரில் விளிம்பு வரை தண்ணீர் இருக்கட்டும். காலி டம்ளரில் போனைச் சாய்த்தால் இரண்டாவது வாயிலேயே சரிந்து சாம்பாரில் விழும். பிள்ளையின் கண் திரையில் நிலைகுத்தியதும் விரலால் கீழுதட்டைத் தொடுங்கள். வாய் திறக்கும். வையுங்கள். மூடும். மெல்லுகிறதா என்று பார்க்க வேண்டாம், நடுநடுவே "ஆம்" என்று சொன்னால் விழுங்கிவிடும். விளம்பரம் வரும்போது மட்டும் வாய் இறுக மூடிக்கொள்ளும். கவலை வேண்டாம், இரண்டு வயதுப் பிள்ளை தயிர் ஒட்டிய கட்டைவிரலால் தானே அதைத் தள்ளிவிடும். வீடியோ நின்று வட்டம் சுற்றினால்தான் ஆபத்து. வாயில் இருப்பதும் வெளியே வரும்.

இதற்கு முன்பு இருந்த முறை மோசம். பிள்ளையை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு, கையில் கிண்ணத்தோடு வாசலுக்கும் மாடிக்கும் நடந்து, நிலாவைக் காட்டி, காக்காயைக் காட்டி, எதிர்வீட்டு நாயைக் காட்டி ஊட்டினார்கள். ஊட்டுகிறவருக்கு இடுப்பு ஒடிந்தது. போதாததற்குப் பசி தீர்ந்ததும் பிள்ளை முகத்தைத் திருப்பிக்கொண்டது. அதற்கு மேல் ஒரு பருக்கை இறங்காது. திரை முறையில் அந்தத் தொல்லை இல்லை. பசி தீர்ந்தது பிள்ளைக்கே தெரியாது. மூன்று இட்லி சாப்பிடுகிற குழந்தை ஐந்து சாப்பிடும், பாட்டிக்கு வாயெல்லாம் பல்.

"எட்டு இருபதுக்கு வேன் வந்துடும், நான் வேற என்ன சார் பண்றது?" என்று கேட்கும் தாய்மாரை நான் குறை சொல்லவில்லை. மதிய டப்பாவும் கட்டி, அலுவலகத்துக்கும் கிளம்பிக்கொண்டு நிலாவையும் காட்டு என்றால் நியாயமா? அதுவும் காலை எட்டு மணிக்கு. அப்பா என்ன செய்கிறார் என்று சிலர் கேட்கிறார்கள். அவர் இன்னொரு டம்ளரில் இன்னொரு போனைச் சாய்த்து வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்.

முடிவே இல்லாத படம்

திரை என்றால் எல்லாத் திரையும் ஒன்றல்ல. சென்னையில் தூர்தர்ஷன் ஒளிபரப்பு தொடங்கியது 1975 ஆகஸ்டு 15. அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமை ‘ஒளியும் ஒலியும்’ நேரத்தில் தெருவில் ஓர் ஈ காக்கை இருக்காது. பெட்டி உள்ள வீட்டுத் திண்ணையில் தெருவே உட்கார்ந்திருக்கும். அசையாமைக்கு நல்ல தொடக்கம்தான். ஆனால் ஒரு பெரிய குறை: அது முடிந்துவிடும். கடைசிப் பாட்டு ஓடியதும் செய்தி வாசிப்பவர் வந்துவிடுவார், பிள்ளைகள் செருப்பைத் தேடிக்கொண்டு வெளியே ஓடிவிடும். அந்தப் பெட்டிக்குப் பிள்ளையின் முகமும் தெரியாது. எது பிடிக்கும், எந்த நிமிடத்தில் எழுந்திருக்கப் பார்க்கிறது என்று தெரியாது.

இப்போதைய ஏற்பாட்டில் அந்தக் குறை நீங்கிவிட்டது. ஒரு வீடியோ முடிவதற்குள் அடுத்தது வரிசையில் வந்து நிற்கிறது. பிள்ளை எதையும் தேர்ந்தெடுக்க வேண்டாம், சும்மா இருந்தால் போதும், ஓடும். ‘போதும்’ என்று முடிவெடுக்க வேண்டிய இடமே இல்லை. ஆகவே அமைப்புகளுக்குள் போய் ‘ஆட்டோபிளே’ என்று எழுதியிருக்கும் பொத்தானை அணைத்துத் தொலைத்துவிடாதீர்கள். சில விஷயம் தெரிந்த தாய்மார் அதை அணைத்துவிட்டு, "இது முடிஞ்சதும் எழுந்துக்கணும்" என்று முதலிலேயே சொல்லிவைத்து, முடிந்த இடத்தில் போனை வாங்கி மேலே வைத்துவிடுகிறார்கள். நடுவில் பிடுங்கினால் வருகிற அளவுக்கு அழுகை வருவதில்லையாம். அந்த மாதிரி வீடுகளோடு சகவாசம் வைத்துக்கொள்ளாதீர்கள். இரவில் எல்லாப் போன்களையும் ஹாலில் ஒரே இடத்தில் சார்ஜ் போடும் கெட்ட பழக்கமும் அவர்களிடம்தான் இருக்கிறது.

கடைக்கு அனுப்பாதீர்கள்

அந்தக் காலத்துப் பிள்ளைகளை ஓட வைத்தது விளையாட்டு மட்டும் இல்லை. கொத்தமல்லி. அடுப்பில் ரசம் கொதிக்கும்போதுதான் கொத்தமல்லி இல்லை என்பது அம்மாவுக்கு ஞாபகம் வரும். "டேய், அண்ணாச்சி கடைக்கு ஓடிப்போய் அஞ்சு ரூபாய்க்குக் கொத்தமல்லி வாங்கிட்டு வா, கொசுறாக் கறிவேப்பிலை கேளு." பையன் வாசலில் இல்லாத ஸ்கூட்டரை உதைத்துக் கிளப்புவான். இரண்டு கையையும் முன்னால் நீட்டி ஹேண்டில் பிடித்து, உதட்டை அதிரவிட்டு ‘டுர்ர்ர்’ என்று கிளம்பி, தெருமுனையில் கியர் மாற்றி, திருப்பத்தில் உடம்பைச் சாய்த்து, கடை வாசலில் பிரேக் போட்டு, ஸ்டாண்டு போட்டு, பிறகுதான் "அண்ணாச்சி" என்பான். கொத்தமல்லியோடு திரும்பியதும் பச்சை மிளகாய் ஞாபகம் வரும். மறுபடி உதை.

டயர் வண்டி ஓட்டிய பிள்ளைகளும், நுங்குக் கோந்தையில் குச்சியைச் செருகி வண்டி செய்து புழுதியில் தள்ளிக்கொண்டு போன பிள்ளைகளும் இப்படித்தான் ஊரைச் சுற்றின. யாரும் அதை உடற்பயிற்சி என்று சொல்லவில்லை. வேலை ஆனது, வண்டியும் ஓடியது.

நல்ல வேளையாகக் கொத்தமல்லி இப்போது பத்து நிமிடத்தில் வாசலுக்கு வருகிறது. கொண்டு வருகிறவரும் ஒரு வீட்டுப் பிள்ளைதான், அவருக்கு நிஜ வண்டி. உங்கள் பிள்ளை கதவைத் திறந்து பையை வாங்கி வைத்தால் போதும். அதைக்கூட அடுத்த கட்டத்தில் தவிர்க்கலாம், கதவுக் கைப்பிடியில் மாட்டிவிட்டுப் போகச் சொல்லுங்கள்.

வளாகம், கார், பந்து

இது என் சொந்தத் துறை, கொஞ்சம் விரிவாகச் சொல்ல அனுமதிக்க வேண்டும்.

நகரம் ஏற்கெனவே முக்கால் வேலையை முடித்துக் கொடுத்துவிட்டது. தெருவில் இரண்டு பக்கமும் கார், நடுவில் பைக். ஸ்டம்பு நட இடமில்லை. காலி மனையைச் சுற்றி மதில், மதிலில் ‘அத்துமீறி நுழைபவர்கள்’ என்று தொடங்கும் பலகை. பெரிய மனையில் கட்டிடம் எழுப்புகிறவர்கள் பத்தில் ஒரு பங்கைத் திறந்தவெளியாக உள்ளாட்சிக்கு ஒதுக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. 3,000 சதுர மீட்டருக்கு மேல் போனால் இது பொருந்தும். ஆனால் ஓரளவு வரை இடத்துக்குப் பதில் பணமாகக் கட்டிவிடலாம். பணத்தில் பிள்ளைகள் பம்பரம் விட முடியாது என்பது இதன் கூடுதல் நன்மை. பூங்காவுக்குப் போனால் அங்கேயும் ‘பந்து விளையாடக் கூடாது’ பலகை நமக்கு முன்னால் வந்து நிற்கிறது.

மிச்சம் கால் பங்கு வேலை சங்கத்தின் கையில். எங்கள் வளாகத்தில் கார் நிறுத்தும் இடத்துக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் நடுவே நீளமாக ஒரு சந்து உண்டு. பிள்ளைகள் அதில் கிரிக்கெட் ஆடினார்கள். அவர்களுடைய சட்டப் புத்தகத்தைப் பார்த்தால் அதிர்ந்துபோவீர்கள். நேரே அடித்துச் சுவரைத் தொட்டால் நாலு. மேலே அடித்தால் அவுட், ஏனென்றால் இரண்டாவது மாடி மாமியின் துளசிமாடம் அங்கே. ஒரு முறை தரையில் குத்தி எழும்பும் பந்தை ஒற்றைக் கையால் பிடித்தால் அதுவும் அவுட். முதல் பந்து ட்ரையல். காருக்கு அடியில் போனால் அடித்தவன்தான் எடுக்க வேண்டும். ஆள் எண்ணிக்கை ஒற்றைப்படையாக வந்தால் ஒருவன் ஜோக்கர், இரண்டு அணிக்கும் ஆடுவான். யாருடைய தம்பியாவது அழுதுகொண்டு வந்தால் அவனை ஒப்புக்குச் சப்பாணியாகச் சேர்த்துக்கொள்வார்கள். அவன் அவுட்டானாலும் அவுட் இல்லை, ஆனால் அவனுக்கு அது தெரியக் கூடாது. இதற்கெல்லாம் கோச்சும் இல்லை, கட்டணமும் இல்லை. தாங்களே சண்டை போட்டு, தாங்களே தீர்ப்புச் சொல்லி, "இனிமே உன்கூட டூ" என்று பிரிந்து, அரை மணியில் பழம் விட்டுச் சேர்ந்தார்கள். பொதுக்குழுவில் பெரியவர்களால் ஆண்டு முழுக்கச் செய்ய முடியாத காரியம்.

நடவடிக்கை எடுக்க வேண்டியதாயிற்று. முதலில் ‘பந்து விளையாட்டு தடை’ என்று ஒரு பலகை. பிறகு ‘சைக்கிள் ஓட்டத் தடை’. பிறகு, பந்தும் சைக்கிளும் இல்லாமலேயே ஐஸ்பாய் ஆடத் தொடங்கியதால், ‘தேவையின்றி ஓடத் தடை’. வாட்ச்மேன் பாவம், சொந்த ஊரில் கபடி ஆடியவர். "தம்பி, ஓடாதீங்க தம்பி, செக்ரட்டரி சார் என்னைத்தான் கேப்பாரு" என்று அவர் கெஞ்சும்போது பிள்ளைகள் அவருக்காகவே நின்றுவிடுவார்கள். பறிமுதல் செய்த டென்னிஸ் பந்துகள் என் மேசைக்குக் கீழே ஒரு பக்கெட்டில் இருக்கின்றன. பிறந்தநாள் முடிந்த வாரங்களில் பக்கெட் வேகமாக நிறையும்.

அந்தச் சந்து இப்போது பெரியவர்களின் நடைபாதை. தரையில் மஞ்சள் பெயின்டில் ஒரு பெரிய எட்டு வரைந்திருக்கிறோம். சாயங்காலமானால் சர்க்கரையும் ரத்தக் கொதிப்பும் உள்ளவர்கள் வரிசையாக எட்டுப் போட்டு நடக்கிறார்கள், கையில் கட்டிய கடிகாரம் பத்தாயிரம் அடியை எண்ணுகிறது. (அந்தப் பத்தாயிரம், 1960-களில் ஜப்பானில் அடி எண்ணும் கருவி விற்றவர்கள் கருவிக்கு வைத்த பெயரிலிருந்து பரவிய கணக்கு. எங்கள் சங்கத்தில் இதைச் சொன்னால் அடிக்க வருவார்கள்.) நாற்பது வயதுக்கு மேல் டாக்டர் சீட்டோடு வந்தால்தான் எங்கள் வளாகத்தில் அசைய முடியும். பிள்ளைகள் அதுவரை காத்திருக்கட்டும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. மேற்கு மாம்பலத்தில் ஒரு பையனைத் தெருவில் டென்னிஸ் பந்து ஆட விட்டதன் விளைவை நாடு பார்த்தது. ரவிச்சந்திரன் அஸ்வின் டெஸ்டில் 537 விக்கெட் எடுத்துவிட்டுத்தான் ஓய்ந்தார். 2024-இல் வந்த தன்வரலாற்றுக்கு ‘ஐ ஹேவ் தி ஸ்ட்ரீட்ஸ்’ என்றே தலைப்பு வைத்துக்கொண்டார். அந்தத் தெருவில் அப்போது ஒரு சுறுசுறுப்பான செயலாளர் இருந்திருந்தால் எத்தனை மட்டையாளர்கள் பிழைத்திருப்பார்கள்.

பி.டி. பீரியடும் பெண் பிள்ளையும்

பள்ளிக்கூடத்தைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை, அவர்கள் நம் ஆள். 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை, பள்ளிக்கு விளையாட்டு மைதானம் வேண்டும் என்கிறது. மைதானம் இருக்கிறது, அதில் பள்ளி வேன்கள் நிற்கின்றன. வாரத்துக்கு இரண்டு பி.டி. பீரியடும் கால அட்டவணையில் இருக்கிறது. போர்ஷன் முடியாத கணக்கு டீச்சர் அந்த பீரியடில் உள்ளே நுழையும்போது வகுப்பே "மிஸ், ப்ளீஸ் மிஸ்" என்று ஓலமிடும். பி.டி. மாஸ்டர் அந்நேரம் ஆபீஸ் ரூமில் ஃபீஸ் ரசீது சரிபார்த்துக்கொண்டிருப்பார். பத்தாம் வகுப்பு வந்துவிட்டால் இந்த நாடகமும் வேண்டாம், பீரியடே இருக்காது.

பெண் பிள்ளைக்குத் தனிக் கையேடு வேண்டுமா என்று கேட்டு எழுதியிருந்தார் ஒருவர். வேண்டாம். பத்து வயது வரை அவளும் பாண்டி ஆடுவாள், கயிறு தாண்டுவாள், பையன்களைவிட வேகமாக ஓடுவாள். பிறகு ஒரு நாள் வீட்டில் பந்தல் போட்டு, தாய்மாமன் சீர் வரிசையோடு வந்து, மஞ்சள் நீர் ஊற்றி, சேலை கட்டிப் படம் எடுத்து பிளெக்ஸ் வைப்பார்கள். இடுப்பெலும்புக்குப் பலம் என்று உளுந்தங்களி கிண்டிக் கொடுப்பார்கள். அந்த இடுப்பை வைத்துக்கொண்டு ஓட மட்டும் விடமாட்டார்கள். "இன்னும் என்னடி ஆம்பளப் பசங்களோட ஆட்டம்?" என்ற ஒரு கேள்வி போதும். அவளுக்குக் கையில் ஒரு போன் கொடுத்து அறையில் உட்கார வைத்தால் ஊர் வாயும் அடங்கும். முன்பு சொன்ன அந்த 81 சதவீதத்தைப் பிரித்துப் பார்த்தால் பையன்கள் 78, பெண்கள் 85. நம் திட்டத்துக்குப் பெண்களிடமே கூடுதல் வெற்றி. இதில் திரைக்குப் பெரிய பங்கு கிடையாது, திரை வருவதற்கு வெகு காலம் முன்பே பாட்டிமார் இதைத் தனியாகச் சாதித்திருக்கிறார்கள்.

கண்ணாடி வாங்குவது எப்படி

ஆறு வயதில் அழகான கண்ணாடி போட்டுப் பார்க்க ஆசைப்படும் பெற்றோர் கவனிக்க. நெருக்கத்தில் பார்ப்பதால் மட்டும் கண் கெடுவதில்லை. வெயிலுக்கு வெளியே போகாமலும் இருக்க வேண்டும். 2008-இல் வெளிவந்த ஓர் ஆய்வு, சிட்னியிலும் சிங்கப்பூரிலும் வாழும் சீன வம்சாவளிப் பிள்ளைகளை, ஆறேழு வயதுக்காரர்களை, ஒப்பிட்டது. சிங்கப்பூரில் கிட்டப்பார்வை 29.1 சதவீதம் பேருக்கு. சிட்னியில் வெறும் 3.3. இத்தனைக்கும் சிட்னிப் பிள்ளைகள் வாரத்துக்குப் படித்த புத்தகங்கள் அதிகம். எடுத்துத் தெரிந்த வித்தியாசம், வெளியே கழித்த நேரம்: சிட்னியில் வாரத்துக்குப் பதிமூன்றே முக்கால் மணி நேரம், சிங்கப்பூரில் மூன்று மணி நேரம். வீட்டு விளக்கின் வெளிச்சம் சில நூறு லக்ஸ் என்றால் வெளியே பகல் வெளிச்சம் பல ஆயிரங்களில் இருக்கும். அந்த வெளிச்சம் விழித்திரையில் டோபமைனைச் சுரக்க வைத்து, கண்கோளம் நீளமாக வளர்ந்துவிடாமல் பிடித்து வைக்கிறது என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். சீனாவில் குவாங்சோ நகரப் பள்ளிகளில் நாளுக்கு நாற்பது நிமிடம் வெளியே ஒரு வகுப்பைக் கூட்டிப் பார்த்தார்கள். மூன்று ஆண்டு கழித்துப் புதிதாகக் கிட்டப்பார்வை வந்தவர்கள் அந்தப் பள்ளிகளில் 30 சதவீதம், மற்றப் பள்ளிகளில் 40-ஐ ஒட்டி. தைவானோ 2010-லிருந்து நாளுக்கு 120 நிமிடம் வெளியே அனுப்பு என்று பள்ளிகளைக் கிளப்பிவிட்டிருக்கிறது.

நாம் இருப்பதோ வெயில் தேசம். ஆண்டில் பத்து மாதம் சூரியன் ஓசியில் கொட்டுகிறது. ஆகவே கூடுதல் முயற்சி தேவை. "வெயில்ல போகாதே, கறுத்துடுவே" என்பது நம் பாரம்பரியத்தின் தலைசிறந்த தடுப்பு மருந்து, ஒரு நாளும் தவறாமல் கொடுத்து வாருங்கள். கத்திரி வெயில் மத்தியானத்தில் உள்ளே இருக்கச் சொல்வது யாரும் சொல்வதுதான். மார்கழிச் சாயங்காலத்திலும் அதையே சொல்வதில்தான் திறமை.

கேட்டு எழுதியவர்களுக்கு

கேள்வி: டி.வி.யைக் குறைக்கப் பிள்ளையைச் செஸ் வகுப்பில் சேர்க்கலாமா? உட்கார்ந்த இடத்தில் ஆடுவதுதானே?

உட்கார்ந்து ஆடுவது என்பதால் கொள்கை அளவில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் சென்னையில் ஒரு குடும்பம் மகள் கார்ட்டூன் பார்ப்பதைக் குறைக்க இதே காரியத்தைச் செய்தது. அக்காவைப் பார்த்துத் தம்பியும் உட்கார்ந்தான். தம்பி பிரக்ஞானந்தா 2018-இல் கிராண்ட்மாஸ்டர், அக்கா வைஷாலி 2023-இல் கிராண்ட்மாஸ்டர். உலகத்திலேயே இருவரும் கிராண்ட்மாஸ்டரான முதல் அக்கா-தம்பி. இந்த ஆபத்துக்குத் தயார் என்றால் சேருங்கள்.

கேள்வி: ஸ்கேட்டிங், நீச்சல், பேட்மின்டன் எல்லாவற்றிலும் சேர்த்துவிட்டோம். இவ்வளவு ஆடினால் கெட்டுப்போய்விடுவானா?

ஒன்றும் ஆகாது. போக முக்கால் மணி காரில், வர முக்கால் மணி காரில். நடுவில் ஒரு மணி நேர வகுப்பில் பாதி நேரம் வரிசையில் நின்று தன் முறைக்குக் காத்திருப்பான். காரில் பொழுதுபோகப் போன் கொடுப்பீர்கள். கூட்டிக் கழித்துப் பாருங்கள், கணக்கு நமக்குச் சாதகம்தான். தோற்றால் அப்பா முகம் சுளிக்க வேண்டும், அதையும் விட்டுவிடாதீர்கள். ஆசை என்று ஏதாவது மிச்சமிருந்தால் அதுவும் போய்விடும்.

கேள்வி: ஊரிலிருந்து தாத்தா வந்திருக்கிறார். தினமும் பேரனை ஆவின் பூத்துக்கு நடத்திக் கூட்டிப்போகிறார். வழியில் இருக்கிற மரத்தையெல்லாம் பேர் சொல்லிக் காட்டுகிறார். போன் கேட்டால், "அதை வச்சுட்டு வா, பம்பரத்துக்குக் கயிறு சுத்தக் கத்துத் தர்றேன்" என்கிறார். என்ன செய்வது?

அவசர நிலை. உடனே அவருக்கு ஒரு ஸ்மார்ட்போன் வாங்கிக் கொடுத்து, குடும்ப வாட்ஸாப் குழுவில் சேர்த்து, பக்திச் சொற்பொழிவு வீடியோக்களை எப்படித் தேடுவது என்று பேரனை விட்டே கற்றுக்கொடுங்கள். ஒரு வாரத்தில் இருவரும் ஒரே சோபாவில் இருப்பார்கள்.

கேள்வி: என் மகள், "நீ போனைக் கீழ வைப்பா, அப்பறம் நான் வைக்கிறேன்" என்கிறாள்.

இந்தக் கேள்வி இந்தக் கையேட்டின் எல்லைக்கு வெளியே உள்ளது.

மின்தடை

மற்ற எல்லாவற்றையும் சரியாகச் செய்த வீடுகளில்கூட ஒரே ஓட்டை மிச்சமிருக்கிறது. மாதத்தில் ஒரு நாள் பராமரிப்புப் பணி என்று காலை ஒன்பது மணிக்கு மின்சாரத்தை நிறுத்துகிறார்கள். மதியம் இரண்டு மணிக்குத்தான் வரும். விடுமுறை நாளாகப் பார்த்து இது அமைந்துவிட்டால் என் பல மாத உழைப்பு பாழ். முதல் அரை மணி போனில் இருக்கும் சார்ஜில் ஓடும். பிறகு வைஃபை இல்லை, மின்விசிறி இல்லை. ஒவ்வொரு கதவாகத் திறக்கும். முதலில் படிக்கட்டில் இரண்டு பேர் சும்மா உட்கார்வார்கள். மூன்றாவது பிள்ளை வந்ததும் யாராவது "சாட் பூட் த்ரீ" என்பார்கள். அதற்கப்புறம் கேட்கவே வேண்டாம், நாலு மாடிப் படியிலும் காலடிச் சத்தம். பலகையில் எழுதியிருப்பது எதுவும் யார் கண்ணுக்கும் தெரியாது. போன தடவை ஏழாங்கல்லுக்கு ஓட்டுச் சில்லு தேடி என் பால்கனித் தொட்டிச் செடியையே நகர்த்திவிட்டார்கள். பெரியவர்களும் வெளியே வந்து நின்று "எங்க காலத்துல…" என்று ஆரம்பித்துவிடுவது இன்னும் ஆபத்து. இரண்டாவது மாடி மாமி, துளசிமாடத்தை மறந்து, கல்லை எப்படி அடுக்க வேண்டும் என்று சேலையைச் செருகிக்கொண்டு காட்டினார்.

ஆகவே இன்வெர்ட்டர் வாங்கும்போது கடைக்காரர் மின்விசிறிக்கும் விளக்குக்கும் மட்டும் கணக்குப் போட்டுக் கொடுத்தால் சம்மதிக்காதீர்கள். ரவுட்டர், டி.வி., இரண்டு சார்ஜர் பாயிண்ட், எல்லாவற்றையும் அந்த இணைப்பில் கொண்டுவரச் சொல்லுங்கள். பேட்டரி 150 ஆம்பியர்-அவருக்குக் குறையாமல் இருக்கட்டும். வளாகத்துக்கு வெளியே இருக்கும் கேபிள்காரரின் பெட்டிக்கும் தனி மின்கலம் உண்டா என்று விசாரியுங்கள், அது அணைந்தால் உங்கள் ரவுட்டர் எரிந்தும் பயனில்லை. செலவைச் சங்கத்தின் பொது நிதியிலிருந்து எடுக்க வரும் பொதுக்குழுவில் தீர்மானம் கொண்டுவருகிறேன். மாமி எதிர்த்து ஓட்டுப் போடுவார் என்று கேள்வி.